முட்டைப் பெட்டிக்குள் என்ன போடுவது? நாட்டுக்கோழி வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓமலூர் பக்கம் வீட்டை ஒட்டி நாற்பது நாட்டுக்கோழி வைத்திருக்கிறேன். முட்டைக்கும் குஞ்சுக்கும் வருகிறவர்கள் தீவனத்தைப் பற்றிக் கேட்பதைவிட, "பெட்டிக்குள்ள என்னக்கா போடறது?" என்று கேட்பதுதான் அதிகம். கோழி முட்டையிடுவதற்கு வைக்கும் பெட்டியைத்தான் சொல்கிறார்கள். போனில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். என் நாத்தனார் வீடு ஏற்காட்டில், நாகலூரில். அங்கேயும் பதினைந்து கோழி உண்டு. இங்கே நன்றாக இருந்த பொருள் அங்கே போய்க் கெட்ட கதையும் அதனால் தெரியும்.

எதுக்குக்கா படுக்கை? கோழி தரையிலயே முட்டை போடுதே?

போடும்தான். ஆனால் கோழி முட்டையிடும்போது உட்கார்ந்தபடியே இடுவதில்லை. கடைசி நொடியில் பாதி எழுந்து நிற்கும், முட்டை கொஞ்சம் உயரத்திலிருந்து விழும். சிமெண்டுத் தரையோ பலகையோ என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விடும். அந்த முட்டையை அடைக்கு வைத்தால் வீண்.

இன்னொன்று, முட்டை வெளியே வரும்போது ஈரமாக இருக்கும். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு காய்வதற்குள் எது பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். கீழே எச்சம் கிடந்தால் எச்சம்தான் ஒட்டும். அப்புறம், கோழிக்கு மார்பை வைத்து அழுத்திக் குழி பறிக்கிற பழக்கம் உண்டு. குழி பறிக்க எதுவும் இல்லாத பெட்டியை விட்டுவிட்டு அது விறகு அடுக்குக்குள் போய்விடும். நாம் முட்டையைத் தேடிக்கொண்டு திரிவோம்.

எல்லாத்துலயும் எது பெஸ்ட்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

காய்ந்தது.

பொருளின் பெயரைக் கேட்டால், சேலத்துச் சமவெளியில் கீழே உமி, மேலே நறுக்கிய வைக்கோல். மலையில் மர இழைப்புச் சீவல். ஆனால் எந்தப் பொருளானாலும் முதலில் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். உடனே உதிர்ந்து விரிய வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம். முகர்ந்தால் புளித்த வாடையோ மக்கிய வாடையோ வரக்கூடாது. உதறினால் புகைபோலத் தூசி கிளம்பக்கூடாது. இதில் தேறாத பொருளை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உமியா வைக்கோலா? ரெண்டுமே எங்க ஊர்ல கிடைக்குது.

உமி தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, சீக்கிரம் காயும், எளிதில் மக்காது. நல்ல குணங்கள்தான். ஆனால் அதில் குழி நிற்காது. கோழி இரண்டு தடவை சுற்றினால் உமி ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் பலகை தெரியும். முட்டை சரியாக அந்த வெறும் பலகையில் போய் உட்காரும்.

வைக்கோல் குழியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கோழிக்கும் பிடிக்கும். அதன் குறை இரண்டு. ஒன்று, ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்தது போல இருக்கும், கையை விட்டுப் பார்த்தால் அடியில் சூடாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். இரண்டு, உள்ளே குழலாக இருப்பதால், கோழியின் ரத்தம் குடிக்கும் சின்னஞ்சிறு செள்ளுக்கு அது நல்ல வீடு. ஆகவே உமி இரண்டு அங்குலம், அதன்மேல் வைக்கோல் இரண்டு அங்குலம் என்று போடுகிறேன். வைக்கோலை நாலு விரல் நீளத்துக்கு நறுக்கிவிட வேண்டும். நீளமாகப் போட்டால் கோழியின் காலில் சிக்கி, அது இறங்கும்போது முட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

ஆலையில் கேட்கும்போது உமி என்றே தெளிவாகக் கேளுங்கள். சின்ன மில்லில் உமியும் தவிடும் கலந்தே விழும். குஞ்சு வாங்கிப் போன ஒருவர் தவிடு கலந்ததைப் போட்டுவிட்டு, "கோழி மெத்தையைத் தின்னுருதுக்கா" என்று போன் செய்தார். தின்னாமல் என்ன செய்யும்?

பெட்டி என்ன அளவு? எவ்வளவு ஆழத்துக்குப் போடணும்?

சிறிய ரக நாட்டுக்கோழியான சிறுவிடைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடி. பெரிய ரகமான பெருவிடைக்கு 14, 15 அங்குலம். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும். ஆளுக்கு ஒன்று கட்டினாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் சண்டை போடும்.

ஆழம் மூன்றிலிருந்து நாலு அங்குலம். ஓரடிப் பெட்டிக்கு மூன்று அங்குலம் என்றால் ஏழு லிட்டர், அதாவது பத்து லிட்டர் வாளியில் முக்கால் வாளிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சாக்கு உமி எத்தனை பெட்டிக்கு வரும் என்று இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பலர் 15 கிலோ எண்ணெய் டின்னைப் படுக்க வைத்து ஒரு பக்கத்தை வெட்டிப் பெட்டியாக்குகிறார்கள். அது சிறுவிடைக்கே இடுக்கம். சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். வேறு வழியில்லை என்றால் வெட்டிய ஓரத்தை மடித்துத் தட்டி, மேலே ஈரச்சாக்கு போடாமல், ஓலை போட்டு நிழல் கொடுங்கள்.

நாங்க ஏற்காட்டுல இருக்கோம். நீங்க சொன்ன வைக்கோல் பத்தே நாள்ல பூசணம் பிடிச்சுருச்சு. என்ன தப்பு?

உங்கள் தப்பு இல்லை, இடம் அப்படி. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போகும். வைக்கோலோ கீழிருந்து வண்டியில் ஏறி வருவது. வழியிலேயே பாதி ஈரத்தைக் குடித்துவிடும். நாத்தனார் வீட்டில் முதல் வருஷம் நான் பெருமையாக இரண்டு கட்டு வைக்கோல் அனுப்பினேன். ஐப்பசியில் போய்ப் பெட்டிக்குள் கையை விட்டால் சாம்பல் நிறத்தில் ஒரே புகை. இரண்டு கோழி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் பூசணம்தான் ஆபத்து. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் மூச்சோடு போய் நுரையீரலில் தங்கும். குஞ்சுகளுக்கு வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாமா என்று கேட்பார்கள். கூடாது. பூசணம் காயும், வித்து சாகாது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மொத்தத்தையும் அள்ளி வெளியே போடுங்கள்.

மலையில் நாங்கள் இப்போது செய்வது இதுதான். பெட்டியின் அடிப்பலகையை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்தோம். காற்று கீழிருந்தும் வரும். அதன்மேல் தச்சுப் பட்டறையிலிருந்து வாங்கிய சில்வர் ஓக் இழைப்புச் சீவல். ஊரில் சாமைத்தாள், கேழ்வரகுத்தாள் கிடைத்தால் அதுவும் நன்று. நாலு அங்குலம் வேண்டாம், இரண்டரை போதும். ஆனால் மழைக்காலத்தில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றுச் சீவலை அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக்கொள்ளுங்கள். விறகடுப்புச் சூட்டில் எப்போதும் மொரமொரவென்று இருக்கும். காஸ் அடுப்பு மட்டும் இருக்கிற வீட்டில் இறுக்கி மூடும் டிரம்தான் வழி.

காபித் தோல் எஸ்டேட்ல சும்மாவே தர்றாங்க. அதைப் போடலாமா?

எந்தத் தோல் என்பதைப் பொறுத்தது. பழத்தை உரிக்கும்போது வருகிற சிவப்புத் தோல் ஈரமானது, சர்க்கரை உள்ளது, இரண்டே நாளில் புளிக்கும். அதில் காஃபீனும் உண்டு, கோழி கொத்தும். பழத்தை அப்படியே உலர்த்தி உடைக்கும்போது வரும் தோலிலும் காஃபீன் உண்டு. இரண்டும் வேண்டாம்.

கொட்டையின் மேல் காகிதம் மாதிரி ஒட்டியிருக்கும் பார்ச்மென்ட் தோல் வேறு. காய்ந்து லேசாக இருக்கும், உமிக்குப் பதிலாக அடியில் போடலாம். ஆனால் பெரும்பாலான தோட்டங்கள் அந்தத் தோலோடுதான் கொட்டையைப் பதப்படுத்தும் ஆலைக்கு அனுப்புகின்றன. ஆக, தோட்டத்தில் சும்மா தருகிறார்கள் என்றால் அது முதல் வகையாகத்தான் இருக்கும்.

கடலைத் தோல்?

புதுசாக, நன்றாகக் காய்ந்ததாக, உள்ளே பருப்பு ஒட்டாததாக இருந்தால் சரி. ஒரு மழை பட்டதென்றால் தொடவே கூடாது. கடலையில் வரும் பூசணம் சாதாரணமானதல்ல. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததற்குக் காரணம், பிரேசிலிலிருந்து வந்த பூசணக் கடலைப் புண்ணாக்கு. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைக் கண்டுபிடித்ததே அதற்குப் பிறகுதான். அது தீவனம், இது படுக்கை என்று சொல்லலாம். தோலுக்குள் சிக்கிய சொத்தைப் பருப்பைக் கோழி விட்டுவைக்குமா?

மரத்தூளும் சீவலும் ஒண்ணுதானே?

இல்லை. சீவல் என்பது இழைப்புளி சீவித் தள்ளும் சுருள். தூள் என்பது ரம்பத்தில் விழுவது. தூள் ஈர முட்டையில் மாவு மாதிரி ஒட்டும், கோழியின் மூக்குக்கும் கண்ணுக்கும் போகும். சீவலைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பிளைவுட், லேமினேட் பலகை அறுக்கும் கடையில் வாங்காதீர்கள்; அதில் பசை இருக்கிறது. கரையான் மருந்து அடித்த பழைய மரத்தை இழைத்ததும் ஆகாது.

எங்க வீட்ல தறி ஓடுது. நூல் கழிவு மூட்டை மூட்டையா இருக்கு, மெத்துனு இருக்கும்ல?

இளம்பிள்ளை, தாரமங்கலம் பக்கத்திலிருந்து வருகிற கேள்வி இது. பார்க்க மெத்தென்றுதான் இருக்கும். தயவுசெய்து போடாதீர்கள். நூல் கோழியின் விரலில் சுற்றும், அது நடக்க நடக்க இறுகும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் விரல் கறுத்திருக்கும், அப்புறம் அது விழுந்துவிடும். நூலை விழுங்கினால் இரைப்பையில் உருண்டு அடைத்துக்கொள்ளும். பிரிந்துபோன பழைய சாக்கு, நீளநீளமான தேங்காய் நார் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பிரியாத சாக்கை அளவாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து அடியில் விரிப்பதில் தவறில்லை.

ஜவ்வரிசி ஆலைத் திப்பி காயவெச்சுப் போட்டா?

வேண்டாம். திப்பி மரவள்ளியின் சக்கை, அதில் இன்னும் மாவு மிச்சம் இருக்கிறது. கொஞ்சம் ஈரம் பட்டாலும் கூழாகிப் புளிக்கும், ஈ மொய்க்கும், எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும். எந்தப் படுக்கையாக இருந்தாலும் இருட்டில் வெறுங்கையைப் பெட்டிக்குள் விடாதீர்கள், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முட்டையை எடுங்கள்.

மணல், நியூஸ்பேப்பர், தென்னை நார்த்தூள்?

மணல் முட்டையை அழுக்காக்காது, ஆனால் குஷன் இல்லை. தனியாகப் போட்டால் கீறல் விழும். நியூஸ்பேப்பர் வழுக்கும், நனைந்தால் கூழ். அவசரத்துக்குச் சன்னமாகக் கிழித்து ஒருநாள் போடலாம். நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். செடிக்கு அது வரம், முட்டைப் பெட்டிக்கு ஆகாது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்?

எச்சம் கிடந்தால் அன்றைக்கே அந்த இடத்தை மட்டும் அள்ளிவிடுங்கள். முட்டை உடைந்தால் அந்தப் பெட்டியை அப்போதே காலி செய்யுங்கள். மற்றபடி வெயில் காலத்தில் மூன்று வாரம் தாங்கும். ஆடி முதல் கார்த்திகை வரை இங்கே வாரம் ஒருமுறை. மலையில் என்றால், முன்பு சொன்ன ஐந்தாறு நாள் கணக்கு.

தினமும் எச்சம் இருக்கிறதென்றால் படுக்கையைக் குறை சொல்லாதீர்கள், கோழி ராத்திரி அங்கேதான் தூங்குகிறது. கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் அடையும். அது ஏறி உட்காரும் கம்பு பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். கம்பை இரண்டு அடி உயர்த்திக் கட்டிய பிறகு என் வேலை பாதியாகக் குறைந்தது.

போட்டதை எல்லாம் கீறி வெளிய தள்ளுது. என்ன போட்டாலும் நிக்கல.

பெட்டி வாசலில் ஐந்து அங்குல உயரத்துக்குப் பலகை அடியுங்கள். அதற்கும் அடங்காமல் கிளறினால், அது முட்டையிட வரவில்லை, தின்ன வந்திருக்கிறது. உமியில் நெல்லோ அரிசிக் குருணையோ கலந்திருக்கும், பாருங்கள்.

செள்ளு வந்துருச்சு. வேப்பிலை, நொச்சி போட்டா போயிருமா?

வராமல் தடுக்க ஓரளவு உதவும். வந்த பிறகு போகாது. அதிலும் பச்சை இலையைக் கொத்தாகப் போடுகிறார்கள். அது வாடி, ஈரம் விட்டு, நாம் பயந்த பூசணத்தை நாமே கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும். நிழலில் காய்ந்த இலையை நொறுக்கி அடியில் தூவுவது நல்லது.

செள்ளு பகலில் கோழியின் மேல் இருக்காது. பலகை இடுக்கு, ஆணி ஓட்டை, கம்பின் முனை, வைக்கோல் குழல், இவற்றில் ஒளிந்திருக்கும். ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். ஒன்பது மணிக்குமேல் போய் ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கம் துடைத்துப் பாருங்கள், சிவப்புக் கோடு விழுந்தால் உறுதி. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை அதற்கு ஒரு வாரம் போதும். அதனால் ஒரு தடவை சுத்தம் செய்துவிட்டுத் தப்பித்தோம் என்று உட்கார்ந்தால் அடுத்த வாரம் திரும்ப நிற்கும். இரத்தம் இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால் பெட்டியைச் சும்மா போட்டுவைத்தும் பயனில்லை.

படுக்கை முழுவதையும் எடுத்து எரித்துவிடுங்கள். பெட்டி இடுக்குகளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்து, காய்ந்ததும் நீர்த்த சுண்ணாம்பு அடியுங்கள். ஐந்தாறு நாள் விட்டு இன்னொரு தடவை, அதற்குப் பிறகு மூன்றாவது தடவை. அடுத்த சில மாதத்துக்கு வைக்கோல் வேண்டாம். ஒளிய இடமில்லாத உமியோ சீவலோ போடுங்கள். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தைப் பெட்டிக்குள் அடிக்கிற பழக்கம் ஊரில் இருக்கிறது. அது முட்டைக்குள் போய், நம் தட்டுக்கு வரும். எந்த மருந்து, எத்தனை நாள் முட்டையை ஒதுக்குவது என்பதை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடை வைக்கிறதுக்கும் இதே படுக்கைதானா?

கொஞ்சம் வேறு. அடைக்கோழி 21 நாள் பெரும்பாலும் எழாமல் உட்காரும், நடுவில் மாற்ற முடியாது. அதனால் தொடக்கத்திலேயே எல்லாம் புதுசாக இருக்க வேண்டும். செள்ளு சோதனையை முந்தின வாரமே முடித்துவிடுங்கள். செள்ளு தாங்காமல் அடையை விட்டு எழுந்து போன கோழிகளைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டி காலத்து முறையே சரி: மூங்கில் கூடையில் மணல், அதன்மேல் நறுக்கிய வைக்கோல், நடுவில் கிண்ணம் மாதிரிக் குழி. மணல் தனியாக வேண்டாம் என்று மேலே சொன்னேன், இங்கே அது அடியில்தான் இருக்கிறது. முட்டைகள் ஓரத்துக்கு உருளாமல் நடுவில் கூடி நிற்க இந்தக் குழி வேண்டும். ஏற்காட்டில் மணல் சில்லென்று சூட்டை இழுக்கும், அங்கே மணலுக்குப் பதில் சீவலையே தடிமனாகப் போடுங்கள்.

இடிக்கு முட்டை கெடாமலிருக்க இரும்புத் துண்டு, கரி, மிளகாய் வைக்கலாமா என்றும் சேர்த்தே கேட்பார்கள். என் மாமியார் வைப்பார், நான் தடுப்பதில்லை. இரும்பு துருப்பிடிக்காததாக, கூர்மையில்லாததாக இருக்கட்டும்.

படுக்கை சரியா இருந்தும் முட்டை அழுக்காகுது. கழுவி வெச்சா என்ன?

முதல் கேள்வியில் சொன்ன பூச்சு கழுவினால் போய்விடும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. பச்சைத் தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, வெளி அழுக்கை உள்ளே இழுக்கும். காய்ந்த துணியால் தேய்த்து எடுங்கள். போகாத முட்டையை அன்றைக்கே வேகவைத்துச் சாப்பிட்டுவிடுங்கள், அடைக்கு வேண்டாம். சரி, அழுக்கு எங்கிருந்து வருகிறது என்றால், மழைநாளில் சேற்றுக் காலோடு நேராகப் பெட்டிக்குள் போவதால்தான். பெட்டிக்கு முன்னால் இரண்டு அடிக்கு உமி கொட்டி வையுங்கள், கால் அங்கேயே துடைபடும்.

ஒரு கோழி முட்டையைக் கொத்திக் குடிக்குது. படுக்கையை மாத்தினா நிக்குமா?

தொடக்கத்திலேயே பிடித்தால் நிற்கும். படுக்கை மெலிந்து, முட்டை உடைந்து, கோழி ஒருமுறை ருசி பார்த்திருக்கும். நாலு அங்குலத்துக்குச் சீவல் போட்டு, பெட்டி வாசலில் சாக்குத் திரை கட்டி இருட்டாக்குங்கள். முட்டையை மதியத்துக்குள் இரண்டு தடவை எடுங்கள். கிளிஞ்சல் தூள் தனிச் சட்டியில் எப்போதும் இருக்கட்டும். பெட்டிக்குள் மர முட்டை ஒன்றைப் போட்டு வைத்தால் கொத்திப் பார்த்து அலகு வலித்து விட்டுவிடும்.

பல மாதமாக ருசி கண்ட கோழிக்கு இதெல்லாம் பலிப்பதில்லை. என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. ஒரு மாதம் போராடினேன், ஆடிப் பதினெட்டுக்குக் குழம்பாகிவிட்டது.

அள்ளின பழைய படுக்கையைச் செடிக்குப் போடலாமா?

நேராகப் போட்டால் வேர் கருகும். குழியில் கொட்டி, தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று தடவை புரட்டி மக்கவிடுங்கள். வைக்கோல் சீக்கிரம் மக்கும். உமியில் சிலிக்கா அதிகம் என்பதால் மாதக்கணக்கில் உமியாகவே கிடக்கும், அதைத் தனிக் குழியில் போடுவது நல்லது. நாத்தனார் மக்கிய சீவலை மிளகுக் கொடிக்குப் போடுகிறார். பூசணம் பிடித்ததையும் செள்ளு விழுந்ததையும் இந்தக் குழியில் சேர்க்காதீர்கள். கோழி அங்கேதான் முதலில் கிளறப் போகும்.